குளம்பு மறையும் அளவுக்குப் புல்

காலையிலிருந்து பழைய சீனக் கவிஞர் பாய் ஜூயியின் ஒரு கவிதையே மனதில் ஓடுகிறது. ஹாங்சோ நகரின் மேற்கு ஏரியைப் பற்றியது. 822 முதல் 824 வரை அவர் அங்கே ஆளுநர்.

குதிரையில் கரையோரம் போகிறார். வெயில் படும் மரத்துக்காக மாங்குயில்கள் போட்டி போடுகின்றன, அதுவும் எல்லா இடத்திலும் இல்லை, அங்கங்கே சில இடங்களில் மட்டும். யார் வீட்டுத் தகைவிலானோ, கூடு கட்ட ஈர மண்ணைக் கொத்துகிறது. வசந்தம் இன்னும் முழுசாக வரவில்லை என்பதை அந்தச் 'சில'விலேயே சொல்லிவிடுகிறார்.

அப்புறம் அந்தப் புல்! குதிரையின் குளம்பு மறையும் அளவுக்குத்தான் வளர்ந்திருக்கிறதாம். சேணத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தவருக்குத்தான் இப்படி எழுத வரும்.

எட்டே வரி. கடைசியில் வில்லோ மர நிழலில் வெண்மணல் கரை. எவ்வளவு நடந்தாலும் போதவில்லை என்கிறார். நானோ இன்னும் அந்தப் புல்லிலேயே நிற்கிறேன்.