துளையை மூடும் முன்

"குழாய இறக்கியாச்சு, மேல கிடக்கிற மண்ணையே தள்ளி மூடிடலாமா?"

நிலத்தோடு வெப்பத்தைப் பரிமாறி வீட்டைக் குளிரூட்டும் அல்லது சூடாக்கும் ஹீட் பம்ப்புக்கான போர் போடும் இடத்தில் இன்று காதில் விழுந்த கேள்வி.

கூடவே கூடாது.

100 மீட்டர் துளையில் மேலிருந்து கொட்டும் மண் பாதியிலேயே அடைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே குழாயைச் சுற்றி வெற்றிடம் விழுந்தால் வெப்பம் சரியாகக் கடக்காது. அந்த நீளத்துக்குத் தோண்டியதே தண்டம். மேல்மட்ட அழுக்குநீர் நிலத்தடி நீரில் இறங்கவும் அதுவே வழி.

பென்டோனைட் (நீரில் ஊறி உப்பும் களிமண்) கலவையை, அடிவரை இறக்கிய தனிக் குழாய் வழியே கீழிருந்து மேலாகப் பம்ப் செய்ய வேண்டும். கலவை ஏற ஏற அந்தத் தனிக் குழாயை உருவலாம். ஆனால் அதன் நுனி கலவைக்குள்ளேயே முங்கியிருக்க வேண்டும். துளையின் வாயில் கெட்டியாக வழியும்வரை நிறுத்தக் கூடாது.

அதற்கும் முன்னால், லூப்பில் (துளைக்குள் இறக்கிய, அடியில் U போல வளைந்த குழாய்) தண்ணீர் நிரப்பி பிரஷர் டெஸ்ட். அடியிலுள்ள யூ-பெண்ட் ஜாயின்ட் கசிவது மூடிய பிறகு தெரிந்தால் அந்த லூப்பைக் கைகழுவ வேண்டியதுதான்.

லூப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற, தண்ணீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். வீட்டு லூப்பின் சின்னப் பம்ப் பெரும்பாலும் இதற்குப் பத்தாது.

வருஷம் முழுக்கக் குளிரூட்டல் மட்டும்தான் என்றால் இன்னொரு தலைவலி. வெப்பம் நிலத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும், திரும்ப எடுக்க ஆளில்லை. துளைகளை நெருக்கிப் போட்டால் சில வருஷங்களில் மண்ணே சூடேறி, கரன்ட் பில் எகிறும்.