கூலிப் பதிவேட்டில் ஏறாத ஆண்டுகள்

கட்டுமானத் தளத்தில் கூலிப் பதிவேடு எழுதும் பொறுப்பு முதன்முதலில் என்னிடம் வந்தபோது, அது வெறும் கணக்கு வேலை என்றுதான் எண்ணினேன். ஆள் வந்தால் ஒரு கோடு, அரை நாள் என்றால் பாதிக் கோடு. வாரக் கடைசியில் கூட்டிப் பெருக்கி, முன்பணத்தைக் கழித்துப் பட்டுவாடா செய்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் நேரே கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங், உதவியாள், சித்தாள் என்று ஒரு சொல்லை எழுத வேண்டியிருந்தது. அந்தச் சொல்தான் அவருடைய நாட்கூலியை முடிவு செய்தது. அதை நான் எதைப் பார்த்து எழுதுகிறேன் என்ற கேள்வி எனக்குள் எழப் பல ஆண்டுகள் ஆயின.

ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு வேலை மாறிப் போகும்போதெல்லாம் கூலியும் மாறியது. அதே செங்கல், அதே கலவை, அதே உயரத்துச் சாரம். ஆனால் ஓரிடத்தில் கொத்தனார் வாங்கிய கூலியை மற்றோரிடத்தில் உதவியாளே வாங்கினார். வாழ்க்கைச் செலவுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். அது பாதிதான் உண்மை. வாடகை மலிவான, வயல்வெளி சூழ்ந்த ஒரு தளத்தில், அறுவடை தொடங்கிய வாரத்திலேயே ஆட்கள் பாதியாகக் குறைந்தார்கள். நகரத்துக் கூலிக்கு இணையாகக் கொடுக்க முன்வந்தும் திரும்பி வரவில்லை. மழை பொய்த்துப் பயிர் இல்லாமல் போன வேறொரு பகுதியிலோ, விடியும் முன்பே தளத்து வாசலில் நின்றவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. குறைந்த கூலிக்கும் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பகுதியின் கூலியை அங்கு எழும்பும் கட்டடங்களின் மதிப்பைவிட, இந்த வேலைக்கு வராவிட்டால் அந்த மனிதருக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்பதே அதிகம் நிர்ணயிக்கிறது. இதை நான் அந்த இரண்டு தளங்களில்தான் கண்ணாரக் கண்டேன்.

இந்த வேறுபாட்டைப் பல நாடுகளில் சட்டங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இந்தியாவில் மத்திய அரசு கட்டுமான வேலைக்கு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலி, இடத்தை ஏ, பி, சி என மூன்றாகவும், தொழிலாளரைத் திறன் தேவைப்படாத வேலை முதல் உயர்திறன் வேலை வரை நான்கு வகைகளாகவும் பிரிக்கிறது. அமெரிக்காவில் 1931-ஆம் ஆண்டின் டேவிஸ்-பேகன் சட்டம், மத்திய அரசின் கட்டுமானப் பணிகளில் அந்தந்த வட்டாரத்தில் நிலவும் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறது. வெளியூரிலிருந்து குறைந்த கூலிக்கு ஆட்களைக் கொண்டுவந்து உள்ளூர்க் கூலியை விழச் செய்வதைத் தடுப்பதே அதன் நோக்கம். 1949-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இயற்றிய 94-ஆவது உடன்படிக்கையும் பொது ஒப்பந்தப் பணிகளுக்கு இதே கொள்கையை முன்வைத்தது. ஜப்பானில் பொதுப்பணிகளுக்கான மதிப்பீட்டுக் கூலி 47 மாநிலப் பிரிவுகளுக்கும், ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக வெளியிடப்படுகிறது. இந்த ஏற்பாடுகளை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த அட்டவணைகளில் ஆளை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதைத் தளத்தில் பேனாவைப் பிடித்திருப்பவர்தான் தீர்மானிக்கிறார்.

நாட்கூலியின் எண்ணை மட்டும் வைத்து இரண்டு இடங்களை ஒப்பிடுவதும் சரியாகாது. ஒருமுறை மலைப்பகுதித் தளமொன்றில் சமவெளியைவிடக் குறைந்த கூலிக்கு ஒரு குழு விரும்பி வந்து தங்கியது எனக்கு வியப்பாக இருந்தது. அந்தக் குழுவின் மேஸ்திரி விரல்விட்டு எண்ணிக் காட்டினார். தங்குவதற்குக் கொட்டகை உண்டு, வாடகை இல்லை. பேருந்துச் செலவு இல்லை. மழைக்காலம் வரும்வரை ஒரு நாள்கூட வேலை நிற்காது. நகரத்தில் வாரத்துக்கு 4 நாள் கிடைத்தாலே பெரிது. “எவ்வளவு கொடுக்கிறாங்கன்னு கேக்காதீங்க சார், எவ்வளவு மிஞ்சுதுன்னு கேளுங்க” என்றார். வேலை கொடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் நடுவில் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதும் அந்த மிச்சத்தை மாற்றுகிறது. ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர், ஆள் கொண்டுவருபவர் என்று சங்கிலி நீள நீள, புறப்பட்ட தொகை ஒன்றாகவும் கைக்கு வந்து சேரும் தொகை வேறாகவும் ஆகிவிடுகிறது.

இனி அனுபவத்துக்கு வருகிறேன். அனுபவமுள்ள கொத்தனாருக்கு ஏன் கூடுதல் கூலி என்று கேட்கும் முதலாளிகளுக்கு நான் பூச்சு வேலையைத்தான் காட்டுவேன். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக எழும்பியிருந்தால் உட்பூச்சு 12 மில்லிமீட்டரில் முடிந்துவிடும். கட்டியவர் கை பழகாதவராக இருந்து, சுவர் அலையலையாக வந்திருந்தால், அதைச் சமன்செய்யவே பூச்சு 20 மில்லிமீட்டர் வரை தடிக்க வேண்டியிருக்கும். அந்தச் சுவருக்கு மூன்றில் இரண்டு பங்கு கலவை கூடுதலாகப் போகிறது; சிமென்டும் மணலும் ஆள்நேரமும் அதனோடு சேர்ந்து போகின்றன. கூலியில் மிச்சம்பிடித்த தொகை பூச்சிலேயே கரைந்துவிடுகிறது. தேர்ந்த கொத்தனார் மூலையை முதலில் எழுப்பி, நூல் கட்டி, ஒவ்வொரு வரிசையிலும் செங்கல்லைக் கரண்டிப் பிடியால் ஒரே ஒரு தட்டுத் தட்டி உட்கார வைப்பார். பழகாதவர் நான்கைந்து முறை தட்டுவார். அதற்குள் கலவை இறுகத் தொடங்கிவிடும்.

முறையான தொழிற்பழகுநர் ஏற்பாடு உள்ள அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில், பழகுபவரின் கூலி முழுத்தேர்ச்சி பெற்றவரின் கூலியில் இத்தனை விழுக்காடு என்று தொடங்கிக் கட்டம் கட்டமாக உயர்கிறது. இறுதியில் கிடைக்கும் சான்றிதழை வைத்து அவர் வேறு இடத்திலும் அதே தகுதியில் வேலை கேட்க முடிகிறது. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில், ஒருவருடைய அனுபவம் அவரை நேரில் பார்த்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஊரில் மேஸ்திரிக்குத் தெரியும், அண்டைவீட்டாருக்குத் தெரியும், அவர் கட்டிய வீடுகளே சாட்சி. எல்லையைத் தாண்டிவிட்டால் அந்தச் சாட்சிகள் எவரும் உடன் வருவதில்லை. இடத்தைப் பொறுத்துக் கூலி மாறுவதையும் அனுபவத்தைப் பொறுத்துக் கூலி மாறுவதையும் நாம் தனித்தனியாகப் பேசிவருகிறோம். உண்மையில், நல்ல கூலி தேடி இடம் மாறுபவர் பெரும்பாலும் தம் அனுபவத்தை விலையாகக் கொடுத்துத்தான் அந்த இடத்துக்குள் நுழைகிறார்.

இதை எனக்கு உணர்த்தியவர், வேறு மொழி பேசும் பகுதியிலிருந்து வந்த ஒருவர். நாற்பதைக் கடந்தவர். அவரை அழைத்துவந்தவர், “ஹெல்ப்பர் சார்” என்றார். நானும் உதவியாள் என்று எழுதிக்கொண்டேன். ஏறத்தாழ இரண்டு மாதம் அவர் செங்கல் சுமந்தார். ஒருநாள் கொத்தனார் ஒருவர் வராததால் ஒரு மூலை பாதியில் நின்றிருந்தது. பிற்பகலில் நான் அந்தப் பக்கம் போனபோது, இவர் தனியாக அங்கே குனிந்திருந்தார். முந்தைய நாள் வைத்த கடைசி இரண்டு வரிசைகளைக் கையால் தடவிப் பார்த்தவர், அவற்றைப் பெயர்த்து எடுத்தார். நான் அதட்டுவதற்கு வாய் திறந்தேன். அவர் பேசாமல் தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டு என்னைப் பார்த்தார். குண்டு சுவரைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி நின்றது. பிறகு அவர் நனைத்த செங்கல்லாகப் பொறுக்கி எடுத்து மூலையை எழுப்பிய வேகத்தையும், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே ஒரு தட்டு விழுந்ததையும் நின்று பார்த்தேன். எங்கள் தளத்தில் அப்போது கொத்தனார் கூலி வாங்கிக்கொண்டிருந்த பலரைவிட அவர் தேர்ந்தவர். மறுநாளிலிருந்து அவருடைய வகையை மாற்றினேன். கடந்துபோன இரண்டு மாதத்தின் வித்தியாசத்தைக் கேட்டு நான் நிர்வாகத்துக்கு எழுதினேன். பழைய கணக்கைத் திறக்க முடியாது என்று பதில் வந்தது. அந்தத் தவறு என் கையெழுத்தில் நடந்தது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

இடம் மாறாமலேயே அனுபவம் கணக்கில் ஏறாமல் போவது பெண்களுக்குத்தான். சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கையை 1951-இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கை வகுத்துவிட்டது. ஆனால் தளத்தில் பெண்களை ஆண்களுக்கு நிகரான வகையில் சேர்க்காமல் சித்தாள் என்ற ஒரே கட்டத்தில் நிறுத்திவிட்டால், கொள்கையை வெளிப்படையாக மீறாமலேயே கூலியைக் குறைத்துவிட முடிகிறது. எங்கள் தளத்தில் கலவை போட்ட ஓர் அக்கா, மண்வெட்டியில் கலவையை அள்ளிச் சரிக்கும்போது அது விழும் விதத்தைப் பார்த்தே தண்ணீர் கூடிவிட்டதா என்று சொல்வார். ஒருநாள் பட்டுவாடாவின்போது, “நேத்து வந்த புள்ளைக்கும் இதே கூலி, இருபது வருசமாத் தூக்குற எனக்கும் இதே கூலிதானா சார்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கணக்கு புரியாமல் கேட்பதைப்போலத்தான் கேட்டார். கொத்தனாருக்கு உதவியாள், துணைக் கொத்தனார், கொத்தனார், மேஸ்திரி என்று ஏணி இருக்கிறது. அவர் நின்ற இடத்தில் அடுத்த படியே இல்லை. கரண்டியை அவர் கையில் யாரும் கொடுத்துப் பார்த்ததும் இல்லை.

வயது முதிர்ந்தவர்களின் நிலை வேறு. நாட்கூலியில் அவர்களுடைய நேர்த்திக்கு மதிப்பு உண்டு. சதுர அடிக் கணக்குக்கு மாறியதும் இளைஞர்களின் வேகம் அவர்களைப் பின்தள்ளிவிடுகிறது.

அந்த மூலைக்குப் பிறகு, நான் பொறுப்பேற்ற தளங்களில் புதிதாக வரும் எவரையும் முதல் நாளிலேயே ஒரு வகைக்குள் எழுதுவதில்லை. தனக்குத் தெரியும் என்று அவர் சொல்லும் வேலையைப் பாதி நாள் செய்யவிட்டு, மேஸ்திரியும் நானும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பார்க்கிறோம். அந்தப் பாதி நாளுக்கு, அவர் சொன்ன வகையின் கூலியே கொடுக்கப்படுகிறது. பதிவேட்டில் பெயருக்கும் வகைக்கும் நடுவே ‘முன்பு செய்த வேலை, ஆண்டுகள்’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். விலகிப் போகும்போது, அவர் இங்கே எந்த வகையில் எத்தனை மாதம் வேலை செய்தார் என்பதை எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை வைத்த ஒரு தாளைக் கொடுக்கிறேன். சட்டப்படி அதற்கு எந்த மதிப்பும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு வேறொரு தளத்தில் சேர வந்த ஒருவர், மழைநீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த தாளொன்றை எடுத்து நீட்டினார். மடிப்புகள் கிழிந்திருந்தன. கையெழுத்து என்னுடையது, எழுதி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.