பேனா நின்ற இடம்

"என்ன பாப்பா, பேனா நின்னுடுச்சு?"

அண்ணன் கேட்டது இவ்வளவுதான். அவருக்குப் பார்வை இல்லை; தேர்வில் அவர் சொல்லச் சொல்ல விடையை எழுதும் ஸ்கிரைப் நான். "ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "69-னு மாத்திக்கோ" என்றார். அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்.

அவர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம், "1967-ல் சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர்" என்பது வரைக்கும்தான் வந்திருந்தது. தமிழில் வினை கடைசியில்தானே வரும். 'நடைமுறைக்கு வந்தது' என்று முடித்திருந்தால் ஆண்டு தவறு; அது 1969 ஜனவரி 14. 'சூட்டத் தீர்மானம் நிறைவேறியது' என்று முடித்திருந்தால் முழுக்கச் சரி. சட்டமன்றத்தில் அது நிறைவேறியது 1967 ஜூலை 18. அதற்குள் என் கை நின்றுவிட்டது. மாற்றிய பிறகு அவர் சொன்ன விடையில் தீர்மானம் பற்றி ஒரு வரி கூட வரவில்லை. சங்கரலிங்கனாரின் உண்ணாவிரதத்தை 1956 என்று சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்து நேராக 1969-க்குப் போய்விட்டார். தப்பைத் தடுத்தேனா, சரியாக இருந்ததைக் கெடுத்தேனா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவர் எம்.ஏ. வரலாறு. நான் பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்தான் அப்போது நடைமுறையில் இருந்தது; அதன்படி, தேர்வர் தாமே அழைத்து வரும் ஸ்கிரைப் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டியிருந்தது. வேறு துறை ஆள் என்றால் சந்தேகமே வராது என்றுதான் கணிதத்தில் தேடினார்கள். ஆனால் குரூப் ஃபோர் வினாத்தாளைப் புரட்டிய யாருக்கும் இந்த இரண்டு தேதியும் தெரிந்திருக்கும். வேறு துறை என்பதில் பெரிய பாதுகாப்பு ஏதும் இல்லை.

ஸ்கிரைப் வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் கையெழுத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கையெழுத்து புரிந்தால் போதும். முக்கியமானது வாசிப்பு. வினாத்தாள் முழுவதையும் முதலில் ஒரு முறை மதிப்பெண்ணோடு வாசிக்க வேண்டும். 'அல்லது' என்று வரும் இடத்தில் குரல் ஏறவோ இறங்கவோ கூடாது. நமக்கு எளிதாகத் தோன்றும் கேள்வியை நாம் மெதுவாக வாசிப்போம், அது நமக்கே தெரியாது. எந்தக் கேள்வியை முதலில் எழுதுவது என்று அவர் சொல்வார். அரை மணிக்கு ஒரு முறை நேரத்தைச் சொல்ல வேண்டும். பெயர்ச் சொற்களில் 'எந்த ல, எந்த ர' என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் சில இடத்தில் கேட்டு, சில இடத்தில் கேட்காமல் விட்டால் அதுவும் குறிப்பாகிவிடும். சந்தேகம் வந்தால் எல்லாப் பெயருக்கும் கேட்பது நல்லது. எதிரில் உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் தாழ்ந்த குரலிலேயே சொல்ல முடியும், தொண்டை நான்கு மணி நேரம் தாங்கும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்பதால் 10 மணிக்குத் தொடங்கும் மூன்று மணித் தேர்வு 2 மணி வரை போகும். அதனால் தண்ணீர் இருவருக்கும் வேண்டும், பேனா மூன்றாவது வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர் 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்திருப்பார். வந்தவுடன் உட்காரவைத்து வாசிக்கத் தொடங்கக் கூடாது. முகம் கழுவ அரை மணி விட வேண்டும். அறைக்குப் போகும்போது அவர் கையை நாம் பிடிக்கக் கூடாது. நம் முழங்கையை அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். படி வந்தால் நின்று, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் அண்ணனே சொல்லிக் கொடுத்தார்.

பேனாவின் சத்தத்தைப் பற்றி மட்டும் அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை.

அறைக்குப் பின்சுவரை ஒட்டி விசைத்தறிக் கூடம். காலையிலிருந்து தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் கரண்ட் போனது. தறி நின்றது, ஃபேனும் நின்றது. பால்பாயிண்ட் பேனா தாளில் உரசுவது அறை முழுக்கக் கேட்டது. அந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி வந்தது. தறி ஓடியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்காது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என் பக்கத்து நியாயம். கேட்டிருக்காது என்பதற்காக நான் நிறுத்தாமல் இருந்துவிட்டேனா என்ன?

இன்னொரு நியாயமும் வைத்திருக்கிறேன். பார்வை உள்ளவர் தன் தாளைத் திரும்பிப் பார்க்கிறார். '1967' என்று எழுதியது கண்ணில் பட்டு உறுத்தும், மாற்றிக்கொள்வார். இவருக்கு அந்தப் பார்வை இல்லை. வாசித்துக் காட்டச் சொன்னால்தான் உண்டு. என் பேனா நின்றது அந்தக் கண்ணுக்குப் பதிலாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். ஆனால் அவர் கண்ணுக்கு அவருக்குத் தெரிந்ததுதான் தெரியும். என் கைக்கு விடை தெரிந்திருந்தது.

தொழிலாகப் பார்த்தால் என் தவறு எங்கே என்று சொல்லிவிடலாம். சொல் சொல்லாகப் பின்தொடர்ந்து எழுதினேன். வினைமுற்று காதில் விழுகிறவரை காத்திருந்து, வாக்கியத்தை முழுதாக வாங்கி, பிறகு ஒரே வேகத்தில் எழுத வேண்டும். நேரம் கொஞ்சம் போகும். நீண்ட கட்டுரைக் கேள்வியில் நிறையவே போகும். எழுதுவதை நிறுத்த நேர்ந்தால் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "பக்கம் திருப்பறேங்கண்ணா", "பேனா மாத்தறேங்கண்ணா". அடுத்த தாளிலிருந்து அப்படித்தான் செய்தேன். ஆனால் எல்லா நிறுத்தத்துக்கும் காரணம் சொல்லிப் பழகிவிட்டால், காரணம் சொல்லாத ஒரு நிறுத்தம் முன்பைவிடச் சத்தமாகக் கேட்கும். இதற்கு என்னிடம் வழி இல்லை.

அன்று வெளியே வந்ததும், "அடுத்த பேப்பருக்கும் நீயே வந்துடு பாப்பா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போனேன். அன்று அவர் சொல்லும் முறை மாறியிருந்தது. ஆண்டு வரும் இடத்திலெல்லாம் வாக்கியத்தை முடித்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்ததை 1966 என்றார். சரியான விடை 1965. முந்தைய வரியை எழுதிய அதே வேகத்தில் அதையும் எழுதினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "சரி, அடுத்த பத்தி" என்றார்.