ஈரக்கட்டு

மருத்துவமனையில் வேலை என்று சொன்னால் அடுத்த கேள்வி "டாக்டரா, நர்ஸா?" என்பதுதான். இரண்டும் இல்லை என்று தெரிந்ததும் கேட்டவரின் முகத்தில் ஆர்வம் வடிந்துவிடும். சி.எஸ்.எஸ்.டி., அதாவது அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்து கிருமி நீக்கும் பிரிவு, என்றால் என்னவென்று விளக்கத் தொடங்கினால் அதற்குள் பஸ் வந்துவிடும். அதனால் "கத்தரி கழுவுகிற வேலை" என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கருவிகளை ரத்தம் போகக் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, காயவைத்து, எண்ணி, துணியில் இரண்டு சுற்றாகக் கட்டி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்ற வேண்டும். கிடுக்கியின் மூட்டுதான் எமன். நுனி பளபளவென்று இருக்கும். மூட்டின் இடுக்கில் கடுகளவு ரத்தம் காய்ந்து உட்கார்ந்திருக்கும். அதை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. மேஜையில் மயங்கிக் கிடப்பவருக்கு என்னைப்போல் ஒருவன் இருப்பதே தெரியாது.

குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் வசனம் என்பது வாய்ப்பாடு மாதிரி. "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யுங்கள்" என்று ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்து ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். வேதாகமத்தில் பவுல் எழுதிய கடிதங்களில் ஒன்றான கொலோசெயர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம். நான் வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனையின் நிர்வாக அலுவலகச் சுவரிலும் இதே வசனம் சட்டம் போட்டுத் தொங்கியது.

சம்பள உயர்வு கேட்டுப் போனால் அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் நிற்க வேண்டும். "இது வேலை இல்லை தம்பி, ஊழியம்" என்பார்கள். ஊழியத்துக்கும் ஊதியத்துக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். அந்த ஓரெழுத்தில் எத்தனையோ வீடுகளின் மளிகைக் கணக்கு நின்றுபோயிருக்கிறது. பவுல் இந்த வரிகளை யாருக்கு எழுதினார் என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். தமிழ் வேதாகமத்தில் "வேலைக்காரரே" என்று இருக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது அடிமைகள் என்ற சொல். அதோடு விடவும் இல்லை அவர். எஜமான்களே, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார் என்று தொடர்கிறார். ஆனால் அது நான்காம் அதிகாரத்தின் முதல் வசனமாகிவிட்டது. அதிகாரம் பிரித்தது பவுல் அல்ல. அது நூற்றாண்டுகள் கழித்து வந்த ஏற்பாடு. அந்த முதல் வசனத்துக்குச் சட்டம் போட்ட அலுவலகம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

இது கசப்பில் சொல்வதல்ல. கொஞ்சம் கசப்பும் உண்டு.

எங்கள் பக்கத்தில் மிஷன் மருத்துவமனை என்றால் டாக்டர் சாமர்வெல் பேச்சு வராமல் இருக்காது. 1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் ஏறியவர். லண்டனில் காத்திருந்த வாய்ப்பை விட்டுவிட்டு நெய்யூருக்கு வந்து கத்தி பிடித்தவர். ஆராதனைகளில் இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குள் எழும் கேள்வி ஒன்றுதான்: அவருக்குக் கத்தரிகளை வேகவைத்துக் கொடுத்தது யார்? எவரெஸ்ட்டைவிட அது எனக்கு முக்கியமாகப் பட்டது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணாச்சி கிறிஸ்தவர் அல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் திருநீறு பூசிக்கொண்டு வருவார். ஒவ்வொரு கிடுக்கியையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மூட்டைத் திறந்து பார்ப்பார். வசனம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. யாராவது பார்க்கிறார்கள் என்ற எண்ணம் இல்லாவிட்டால் என் கை தானாகவே மெதுவாகிவிடும். அதே அதிகாரத்தில் "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்றும் ஒரு சொல் இருக்கிறது. மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம் கேட்டதும் வேகமெடுக்கும் கையைப் பற்றிய சொல். நான் அதை எப்படிச் சமாளித்தேன் என்றால், மேலே இன்னும் பெரிய மேற்பார்வையாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பயந்து தேய்த்தேன். அதுவும் பார்வைக்குச் செய்கிற ஊழியம்தான் என்பது உறைக்க ஓர் ஈரக்கட்டு தேவைப்பட்டது.

ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம் நீராவி. அதன்பின் உலர்த்தும் நேரம். அளவுக்கு மீறி அடைத்தாலோ, அவசரப்பட்டுக் கதவைத் திறந்தாலோ கட்டு ஈரமாக வரும். ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடுகள் வந்திருக்கும். ஆனால் அந்தக் கோடு வெளியே சூடு பட்டது என்றுதான் சொல்லும், உள்ளே நடந்ததை அல்ல. ஈரத்துணி வழியாகக் கிருமி உள்ளே போகும். ஆகவே ஈரக்கட்டு என்றால் அழுக்குக்கட்டு என்றே கணக்கு. பிரித்து, புதுத் துணியில் கட்டி, முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

ஓர் இரவு ஒன்றரை மணி இருக்கும். சிசேரியன் செட் ஒன்று அடிப்பக்கம் ஈரமாக வந்தது. மறுபடி ஏற்றினால் இன்னும் ஒன்றரை மணி நேரம். கால் கடுத்தது. மின்விசிறிக்கு நேரே பத்து நிமிடம் வைத்தேன். காய்ந்துவிட்டது. கோடுகள் கறுப்பாகத்தான் இருந்தன. அலமாரியில் வைத்துவிட்டு முழங்காலிட்டு இரவு ஜெபமும் சொன்னேன். இதை எழுதும்போதுதான் கூச்சமாக இருக்கிறது, அன்று இல்லை.

காலையில் அண்ணாச்சி வந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எந்தச் செட்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தியேட்டருக்கு ஓடினார். விடியற்காலையிலேயே ஒரு பெண்ணின் சிசேரியனுக்கு அதைத் திறந்துவிட்டிருந்தார்கள். அவர் சிஸ்டரிடம் சொன்னார், சிஸ்டர் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வருகிறதா, தையல் சிவக்கிறதா என்று தினமும் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன். ஷிப்ட் முடிந்ததும் பிரசவ வார்டின் வாசலில் போய் நிற்பேன். அதுவரை அந்த வார்டுக்குள் நான் போனதே இல்லை. எங்கள் கட்டுகள் ஒரு ஜன்னல் வழியாகப் போய், அழுக்காகி, இன்னொரு ஜன்னல் வழியாகத் திரும்பும். நடுவில் இருப்பவர்களை நாங்கள் பார்ப்பதில்லை. அவள் சின்னப் பெண். மூக்குத்தி போட்டிருந்தாள். எழுந்து உட்காரும்போது வயிற்றைக் கையால் தாங்கிக்கொள்வாள். முதல் இரண்டு நாள் ஜெபம் என்ற பெயரில் பேரம்தான் பேசினேன்: காய்ச்சல் வராவிட்டால் இன்னின்னது செய்கிறேன் என்று. மூன்றாம் நாள் பேரம் நின்றுவிட்டது. என்னைப் பற்றிய பேச்சே ஜெபத்தில் இல்லை. அவள் பெயர் தெரியாததால் மூக்குத்தியைச் சொல்லியே ஜெபித்தேன்.

காய்ச்சல் வரவில்லை. எட்டாம் நாள் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். புறப்படும்போது அவளுடைய அம்மா வார்டு முழுவதும் இனிப்பு கொடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற என்னைத் தினமும் பார்த்ததால், பக்கத்துக் கட்டில்காரியின் சொந்தக்காரன் என்று நினைத்திருக்க வேண்டும். "உங்கள் வீட்டிலும் நல்லபடியாகப் பிறக்கும் தம்பி" என்று ஒரு லட்டைக் கையில் வைத்தார்.

வாங்கிக்கொண்டேன். அன்று பிற்பகல் ஷிப்ட்டுக்குப் போனபோது மேஜையில் நாற்பது கிடுக்கிகள் இருந்தன. முதல் கிடுக்கியின் மூட்டைத் திறந்தேன்.