அணில்களுக்கு நடுவே ஓடிய வாய்க்கால்

தனிப்படம் வரைந்து பழகிய கைக்கு, முடிவில்லாமல் தொடரும் வடிவத்தை வரைவது முற்றிலும் வேறொரு வேலை என்பது, பரிசுப்பொருள் சுற்றும் தாள் ஒன்றை அச்சிட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. தாள் முழுவதும் திரும்பத் திரும்ப அடுத்தடுத்து அச்சாவதற்காக நான் வரைந்தது, கொய்யாக் கிளையும் இரண்டு அணில்களும் கொண்ட 20 சென்டிமீட்டர் சதுரப் படம். தனியாகப் பார்த்தபோது அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. அச்சாகி வந்த தாளைக் கூடத்தில் விரித்ததும் அம்மா கேட்டார்: "ஏண்டி, நடுவுல வாய்க்கால் ஓடுது?" உண்மைதான். விளிம்பைத் தொட அஞ்சி நான் விட்டிருந்த வெற்றிடங்கள், அடுத்தடுத்த சதுரங்களின் வெற்றிடங்களோடு சேர்ந்து, தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேர்க்கோடுகளாக ஓடின.

கணினியை மூடிவைத்துவிட்டுக் காகிதத்தில் மீண்டும் தொடங்கினேன். சதுரத்தாளின் நடுவில் மட்டும், ஓரத்தைத் தொடாமல் சில உருவங்களை வரைய வேண்டும். பிறகு தாளை நெடுக்காக வெட்டி, இடப்பாதியையும் வலப்பாதியையும் இடம் மாற்றிப் பின்புறம் ஒட்ட வேண்டும். குறுக்காகவும் அவ்வாறே வெட்டி, மேல்பாதியையும் கீழ்பாதியையும் மாற்ற வேண்டும். முன்பு ஓரமாக இருந்தவை இப்போது நடுவுக்கு வந்துவிடுவதால், அந்த வெற்றிடத்தைக் கண்ணால் பார்த்தபடியே நிரப்பலாம். போட்டோஷாப்பின் ஆஃப்செட் ஃபில்டர் செய்வதும் இதைத்தான். 2020 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து, வரையும்போதே சுற்றிலும் மறுபடிகளைக் காட்டும் வசதியும் அதில் இருக்கிறது. ஆனாலும் கத்தரிக்கோலால் ஒருமுறை வெட்டிப் பார்க்காமல் அந்த வசதிக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓரத்தை நிரப்பினால் மட்டும் வாய்க்கால் மூடிவிடாது. ஒரே அணில் ஒரே உயரத்தில் 20 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வந்தால், கண் அதன் வால்களைச் சேர்த்துத் தானே ஒரு கோடு இழுத்துக்கொள்ளும். இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது 'ஹாஃப் டிராப்': ஒன்றுவிட்டு ஒரு நெடுவரிசையைச் சதுரத்தின் பாதி உயரம் கீழே இறக்குவது. கிடைவரிசையைப் பாதி அகலம் பக்கவாட்டில் நகர்த்தினால் அது செங்கல் அடுக்கு. வகுப்பில் கேட்டபோது புதிதாகத் தோன்றிய இந்தப் பாடம், மார்கழிக் காலையில் வாசலில் குனிந்து புள்ளி வைத்தபோது பழையதாகிவிட்டது. நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். 15 புள்ளியில் தொடங்கி 8 வரை குறையும் இடைப்புள்ளிக் கோலத்திலோ, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையே விழும். அதுதான் செங்கல் அடுக்கு. அதே கோலத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஹாஃப் டிராப். பத்து வயதிலிருந்து செய்துவந்ததைக் காசு கொடுத்துக் கற்றேனே என்று சற்று வெட்கமாகவும் இருந்தது.

பொருளுக்குப் பொருள் கணக்கு மாறுகிறது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 20 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 2362.2 பிக்சல், அந்தப் பின்னத்தைக் கவனிக்காமல் விட்டால், சதுரங்கள் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக்கோடு விழலாம். அதனால் இப்போது அளவை 2400 என முழு எண்ணாகவே வைத்துக்கொள்கிறேன். காபிக் குவளையில் கைப்பிடி இருக்கும் இடத்தில் வடிவம் நின்றுவிடுவதால் சேர்க்கை பிசகினாலும் பெரிதாகத் தெரியாது. துணி அப்படி மன்னிப்பதில்லை. எல்லா அணில்களும் மேல்நோக்கியே ஏறினால், வெட்டுபவர் துணியைத் தலைகீழாகத் திருப்பி மிச்சம் பிடிக்க முடியாது. எனவே சிலவற்றை இறங்கவும் விட வேண்டும். உருளை வலையில், அதாவது சுழலும் உருளையின் நுண்துளைகள் வழியே சாயத்தைத் துணியில் இறக்கி, அச்சிடும் ஆலைகளில் பரவலாக உள்ள உருளையின் சுற்றளவு 64 சென்டிமீட்டர். வடிவத்தின் உயரம் அதை மீதியின்றி வகுக்க வேண்டும் என்பதால் 64, 32, 16 ஆகியவை செல்லும். என்னுடைய 20 செல்லாது. 16ஆகச் சுருக்கினால் அணிலின் முதுகுக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே 32க்குப் புதிதாக வரையத் தொடங்கியிருக்கிறேன். கூடுதலாகக் கிடைத்த இடத்துக்கு இன்னும் நான்கு கொய்யாப் பழங்களும், தலைகீழாகத் தொங்கும் ஒரு கிளியும் தேவைப்படுகின்றன.