பூட்டனார் காதோரத்தில் நின்றுபோன வேலை

மூன்று வாரமாகத் துடைத்துவந்த பூட்டனார் படத்தில், நேற்று வலது காதோரம் பஞ்சு பழுப்பாக வந்ததும் வேலையை நிறுத்திவிட்டேன். சாம்பல் நிறமானால் விளக்குப் புகை, மஞ்சளானால் பழைய வார்னிஷ். பழுப்பென்றால் ஓவியர் பூசிய வண்ணமே கரைகிறது.

செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், ஊர் ஊராகச் சென்று உருவப்படம் எழுதிய ஒருவர் எங்கள் வீட்டிலேயே தங்கி எழுதிய எண்ணெய் வண்ணப் படம் இது. கையொப்பம் எங்கும் இல்லை. 1868இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதை இளம் ரவிவர்மா அருகிருந்து பார்த்துக் கற்ற அதே மேனாட்டு நிழல்முறையைத்தான் இவரும் முகத்தில் கையாண்டிருக்கிறார். ஆனால் தலைப்பாகையின் சரிகைக்கு வந்ததும் தஞ்சாவூர்ப் படம் போலத் தட்டையாக மஞ்சளை இழுத்துவிட்டார். எனக்கு அந்த இடமே அதிகம் பிடித்திருக்கிறது.

புகையை எடுக்க எச்சிலே போதுமானதாக இருந்தது. அதிலுள்ள நொதி பிசுக்கை இளக்குகிறது, வார்னிஷைத் தொடுவதில்லை. ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, தேய்க்காமல் உருட்டி, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரால் மறுமுறை துடைத்தேன். வீட்டார் முகம் சுளித்ததைப் பொருட்படுத்தவில்லை.

வார்னிஷில்தான் இடறினேன். டர்பன்டைனில் சிறிது ஆல்கஹால் கலந்தபோது நெற்றியும் மூக்கும் அழகாகத் தெளிந்தன. காதின் நிழலுக்கோ அவர் எண்ணெயோடு பிசினையும் சேர்த்து மெல்லிய பூச்சாகக் கொடுத்திருக்கிறார் போலும். வார்னிஷும் பிசின், பூச்சும் பிசின் என்றால் கரைப்பானுக்கு வேறுபாடு தெரியாது. ரூபாய் நோட்டுச் சோதிக்கும் ஊதா விளக்கை இருட்டில் பிடித்துப் பார்த்தேன். வார்னிஷ் மிஞ்சிய இடங்கள் பச்சையாக ஒளிர்ந்தன, காதோரம் ஒரு விரல்நுனி அளவுக்கு இருண்டு கிடந்தது. அதற்கு முழுப் பொறுப்பும் என் அவசரமே. மாநில எல்லையைத் தாண்டிச் சென்று வாங்கிய டர்பன்டைன் மண்ணெண்ணெய் வாடை அடித்ததையும் இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. வாங்கும்போதே ஒரு துளியைத் தாளில் விட்டு, உலர்ந்தபின் எண்ணெய்க்கறை நிற்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டதால் அயினி மரப் பலகை சொல்லிவைத்திருக்கிறேன். பூட்டியாரின் படமும் அதே கைதானா என்று ஒப்பிட, அவர் காதின் நிழலைத்தான் முதலில் பார்க்கப்போகிறேன், அதுவும் விளக்கால் மட்டும். சாரல் ஓய்ந்து காற்றில் ஈரம் குறையும்வரை பூட்டனார் வெள்ளைத் துணிக்குள் இருப்பார்.