ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பா படித்த இரண்டு ஆண்டுகள்

இளங்கலையில் வரலாறு படித்தபோது ஐரோப்பா எனக்கு ஆண்டுகளின் வரிசையாகத்தான் இருந்தது: 1789, 1815, 1848, 1914. காரணங்களையும் விளைவுகளையும் தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்துவிட்டால் பத்து மதிப்பெண் வினாவுக்கு அது போதும். அந்தத் தைரியத்தோடுதான் ஐரோப்பிய வரலாறும் அரசியலும் பண்பாடும் சேர்ந்த முதுகலைப் படிப்புக்காக, பிரான்சின் கிழக்கு ஓரத்தில் ரைன் நதியை ஒட்டியிருக்கும் ஸ்ட்ராஸ்பூர்குக்குப் போனேன்.

முதல் மாதமே மூக்கு உடைபட்டது. பிரான்சில் அரசும் சமயமும் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிக்கப்பட்டன என்று வகுப்பில் சொன்னேன். பேராசிரியர், "இந்த ஊரிலுமா?" என்று மட்டும் கேட்டார். 1905இல் இந்த ஊர் அடங்கிய அல்சாஸ் பகுதி ஜெர்மனியின் வசம் இருந்ததால் அந்தச் சட்டம் இங்கே வரவே இல்லை. 1918இல் அல்சாஸ் பிரான்சுக்குத் திரும்பிய பிறகு, 1924இல் பிரதமர் எரியோ அதை இங்கும் கொண்டுவர முயன்று, மக்கள் எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கினார். இன்றைக்கும் இங்கே கத்தோலிக்கப் பாதிரியாருக்கும் புராட்டஸ்டண்டு போதகருக்கும் யூத ரப்பிக்கும் அரசுதான் சம்பளம் தருகிறது. பிரான்சின் மற்ற பகுதிகளில் இல்லாத புனித வெள்ளி விடுமுறையும் டிசம்பர் 26 விடுமுறையும் இங்கே உண்டு. ரயில்கூட அப்படித்தான். பிரான்சின் பெரும்பகுதியில் இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி, அல்சாஸில் ஜெர்மன் வழக்கப்படி வலப்பக்கம் ஓடுகிறது.

1870இல் இங்கே பிறந்து, வீடு மாறாமல், எழுபத்தைந்து வயது வரை வாழ்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரராகப் பிறந்த அவர் 1871இல் ஜெர்மானியர், 1918க்குப் பிறகு மீண்டும் பிரெஞ்சுக்காரர், 1940இல் நாஜி ஜெர்மனியின் பிடியில், 1944 நவம்பரில் மறுபடியும் பிரான்சில். பாடப்புத்தகங்கள் பிரான்சையும் ஜெர்மனியையும் தனித்தனி அத்தியாயங்களாக எழுதுவதால் இந்த மனிதர் எந்த அத்தியாயத்திலும் அகப்படுவதில்லை.

அவரைப் போன்றவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒருவர்தான் நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் அம்மையார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சமையலறைக்கு அழைத்துக் காபி தருவார். நாஜி ஆட்சியில் பிரெஞ்சு பேசத் தடை, பிரெஞ்சுக்காரர்களின் அடையாளமான பெரே என்ற தட்டைத் தொப்பி அணியத் தடை. பெயர்களையும் ஜெர்மன் முறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவருடைய தாயார் பழைய சான்றிதழில் ழான், அந்தக் காலத்துச் சான்றிதழில் யோஹன்னா. போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. 'பிரெஞ்சு பேசுவதே நாகரிகம்' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். வீட்டில் பேசிய, ஜெர்மன் சார்ந்த அல்சாஸ் மொழியைப் பள்ளியில் பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது. தாய் மகளிடம் அந்த மொழியில் பேசுவதை நிறுத்திவிட்டார். 1942 ஆகஸ்டு முதல் அல்சாஸ், அதை ஒட்டிய மொசெல் ஆகிய பகுதிகளின் இளைஞர்கள் ஏறத்தாழ 1,30,000 பேர் ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் அம்மையாரின் மாமாவும் ஒருவர். அவரைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றிவிட்டார்.

ரெபுப்ளிக் சதுக்கத்தில் 1936இல் நிறுவப்பட்ட போர் நினைவுச் சிலையைப் பார்த்தபோது அந்த மௌனம் ஓரளவு புரிந்தது. ஒரு தாய் இறக்கும் நிலையிலுள்ள இரண்டு மகன்களைத் தாங்கியிருக்கிறாள். ஒருவன் பிரான்சுக்காகவும் மற்றவன் ஜெர்மனிக்காகவும் போரிட்டவன். இருவருக்கும் சீருடை இல்லை. பிரெஞ்சு ஊர்களில் இத்தகைய சின்னங்களில் 'பிரான்சுக்காக உயிர் நீத்தோர்' என்று எழுதியிருப்பது வழக்கம். இங்கே 'நம்மில் இறந்தோருக்கு' என்பதோடு நின்றுவிடுகிறது.

ஐரோப்பிய நாடாளுமன்றம் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை பிரசெல்ஸிலிருந்து இங்கே வந்து கூடுவதை, மற்ற மாணவர்களைப் போல நானும் கேலி செய்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டுவிட்டதால் எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்பாமல் அதை மாற்ற முடியாது. பணவிரயம்தான் என்று இப்போதும் சொல்வேன். ஆனால், 1950 மே 9 அன்று நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின்கீழ் கொண்டுவரும் திட்டத்தை அறிவித்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வித்திட்ட பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷூமனே லக்சம்பர்கில் ஜெர்மன் குடிமகனாகப் பிறந்து, 1918க்குப் பிறகு பிரெஞ்சுக்காரரானவர் என்று அறிந்த பிறகு, இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததை அவ்வளவு எளிதாகக் கேலி செய்ய முடியவில்லை.

என் ஆய்வேட்டுக்கு முதலில் எடுத்திருந்த தலைப்பு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்கள். அதைக் கைவிட்டு, 1918க்குப் பிறகு பிரெஞ்சு அரசு அல்சாஸ் மக்களைப் பெற்றோர், பாட்டன் பாட்டியின் பிறப்பிடத்தை வைத்து ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்துக் கொடுத்த அடையாள அட்டைகளை எடுத்துக்கொண்டேன். குடிமக்கள் அனைவரும் சமம் என்று முழங்கிய குடியரசு செய்த வேலை இது. டி அட்டை பெற்ற ஜெர்மானியர்களில் பல்லாயிரம் பேர் ரைனுக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் அயல் வழியினர் என்றால் பி.

தலைப்பைச் சொன்ன அன்று அம்மையார் எதுவும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு, காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் மடிப்பு விழுந்த சிறிய அட்டை ஒன்று இருந்தது. அவருடைய பாட்டியின் அட்டை. அதில் பி என்று இருந்தது. "படம் எடுத்துக்கொள், ஆனால் பெயரை மறைத்துவிடு" என்றார்.